பதினேழாம் எண் கம்பம்

4 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வாலுவும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதற்காக வாய் மூடிவிட்டாள் என்று நினைக்காதே. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, பேருந்தின் முதுகு எதையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி படிக்கிறாள்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். மாடியில் ஒரே அறை, அதிலேயே அடுப்பு. ஜன்னல் தெருவைப் பார்க்கும். கீழே வீட்டுக்காரர் பழைய நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். தெருவில் ஒரு இரும்பு கேட், தாழ்ப்பாள் கிடையாது. கேட்டைத் தள்ளினால் படி, படி ஏறினால் என் கதவு. கண்ணாடிக் கடை வேலை பிடித்திருக்கிறது. பின்னறையில் லென்ஸ் அரைக்கிற மெஷினில் உட்காருகிறேன், யாரும் என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அக்கா. வாலுவின் அப்பன் தொழிலே போன் ரிப்பேர். போன தடவை உன் போனை வைத்துத்தான் நான் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தான். என்னிடம் இப்போது போனே இல்லை. உன் சலவைக்கூடத்து முகவரிக்கே எழுதுகிறேன், உறையில் அனுப்புநர் பெயர் போடமாட்டேன். படித்ததும் எரித்துவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை நகராட்சி வண்டி வந்து, எங்கள் கேட்டுக்கு நேரே இருக்கிற விளக்குக் கம்பத்தில் ஒரு நீலப் பலகையை மாட்டிவிட்டுப் போனது. ஒரு சர்ச்சின் பெயர், கீழே இடது பக்கம் காட்டும் அம்பு. சர்ச் இருப்பது அடுத்த முனையில் திரும்பி, சந்தின் கடைசியில், ஒரு பழைய கிடங்கில். ஆனால் கம்பத்தடியில் நின்று பார்த்தால் அம்பு காட்டுவது எங்கள் கேட்டைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் பதினொரு பேர் படி ஏறி வந்து கதவைத் தட்டினார்கள்.

பதினொரு தடவையும் அவன்தான் என்று நினைத்தேன். "எங்க போனாலும் புள்ளைய தூக்கிட்டு வந்துருவேன், நீ எனக்குத் தேவையில்ல" என்று சொன்னானே, அது காதைவிட்டுப் போகவில்லை. பிள்ளை என்னிடம்தான், அவன் கிட்டே வரக் கூடாது என்று கோர்ட் கொடுத்த தாள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தாளைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க முடியாதே. கடைசியாக வந்த அம்மாவுக்குக் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பதில் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


13 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது, படித்ததும் பாய்லரில் போட்டுவிட்டேன். நாள் முழுக்க நின்று ஆஸ்பத்திரிப் போர்வை தேய்ப்பவளுக்கு முழங்கால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது. அத்தானுக்கு இருமல் போய்த் தும்மல் வந்திருக்கிறது. வாலுவைப் பல்லுக்கு நாக்கால் துழாவ வேண்டாம் என்று சொல், கோணலாக முளைக்கும்.

நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஆகாது. பலகை வைத்தது நகராட்சி. அங்கே ஒரு மேசை இருக்கும், மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார். போய்க் கேள். எழுதிக் கொடு. எழுதிக் கொடுத்தால் எதுவும் நடக்கும் என்பது என் அனுபவம்.

அவன் வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தான். தேநீர் குடித்தான், போனான். வேறு ஒன்றும் இல்லை. முன்னறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது, அத்தான் அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


25 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் தும்மலுக்கு ஆவி பிடிக்கச் சொல். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் ஜன்னல் கண்ணாடி எப்படி உடைந்தது என்று நீ எழுதவில்லை.

மேசையைத் தேடி நான் போக வேண்டியிருக்கவில்லை, மேசையே என்னிடம் வந்தது. பலகைப் பிரிவு கிளார்க் எங்கள் கடைக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். நான் தெருவின் பெயரை மட்டும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். மனிதர் விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

"ஒரு சர்ச்சுக்கு ரெண்டே பலகைதாம்மா. பேரும் அம்பும் மட்டும் இருக்கலாம், வசனம் கிசனம் எழுதக் கூடாது. அடி விளிம்பு தரையிலேர்ந்து ஏழடி. நகராட்சிக் கம்பத்துலதான் மாட்டணும். திரும்புற முனையிலேர்ந்து முப்பதடி முன்னாடி இருக்கணும்."

"அந்த முப்பதடில ஒரு வீட்டு கேட் இருக்குதே சார்?"

"கேட் இருக்கக் கூடாதுன்னு விதியில இல்லையே!"

புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமாம், தபாலில்கூட. ஆனால் புகார் கொடுப்பவரின் பெயரும் வீட்டு முகவரியும் வேண்டும். அதை ஒரு தாளில் அச்சடித்து அந்தக் கம்பத்திலேயே இருபத்தொரு நாள் ஒட்டி வைப்பார்களாம். மறுப்புச் சொல்ல யாராவது இருந்தால் வந்து சொல்வதற்காக. நான்கு மாதமாக நான் ஒளித்து வைத்திருக்கிற பெயரை என் வாசலிலேயே ஒட்டுவார்களாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. சிரித்துவிட்டுப் பின்னறைக்குப் போய் மெஷினைப் போட்டுக்கொண்டு அழுதேன். அது போடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

வாலு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, கேட்டில் கை வைப்பவர்களிடம் "இங்க இல்ல! இன்னும் முப்பதடி! அப்புறம் லெஃப்ட்!" என்று கத்துகிறாள். பாதிப் பேர் படி ஏறுவதில்லை. மீதிப் பேர் அவளைப் பார்க்கவே ஏறி வருகிறார்கள்.

நீ எதுவும் செய்ய வேண்டாம். இதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை


9 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். பிள்ளையை ஜன்னலில் உட்கார வைக்காதே. முகம் தெரியும், குரலும் கேட்கும்.

அந்தக் கம்பத்துக்கு எண் ஏதாவது போட்டிருக்கிறதா? எதிரே உன் கதவு எண் பன்னிரண்டுதானே? சும்மாதான் கேட்கிறேன். சலவைக்கூடத்தில் வேலை அதிகம், அதனால் இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

அக்கா


18 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தந்தியைவிடச் சின்னதாக இருந்தது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கம்பத்தின் எண் 17, கறுப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. கதவு எண் பன்னிரண்டேதான். எதற்குக் கேட்கிறாய்? உன்னை எனக்குத் தெரியும். படிவம் என்று ஒன்றைக் கண்டால் ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டாய். நூலகப் படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் 'நேரமில்லை' என்று எழுதியவள்தானே நீ! வேண்டாம் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே வழி தவறி வருபவர்களில் ஒரு வாடிக்கையாளரே உண்டு, ஆர்மோனியக்காரர். நல்ல கனமான ஆள், கையில் கனமான பெட்டி. போன மாதம்தான் இந்தச் சர்ச்சில் வாசிக்கச் சேர்ந்தாராம். வாராவாரம் அம்பை நம்பி எங்கள் படியில் பாதி ஏறி, மூச்சு வாங்கி, "அய்யோ, மறுபடியும் இங்கயா!" என்பார். வாலு அவருக்காகவே காத்திருக்கிறாள்.

போன ஞாயிறு மட்டும் சரியில்லை. ஒருவர் மூன்று தட்டு தட்டிவிட்டு, கொஞ்சம் விட்டு, நகத்தால் ஒரு தட்டு தட்டினார். அவன் அப்படித்தான் தட்டுவான், உனக்கே தெரியும். வாலுவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் என் வாயைத் தன் கையால் பொத்தினாள். நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அரை மணி கழித்துக் கதவிடுக்கில் பார்த்தால், சர்ச் அறிவிப்புத் தாள் ஒன்று செருகியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு, எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

உன் தங்கை


6 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தான் புதுச் செருப்பு வாங்கினார், கடிக்கிறது என்று என்னிடம் கொடுத்துவிட்டார். வெயில் ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று.

கேட்டுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல் வீட்டுக்காரரிடம். மாடிக் கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள்? ஒன்றுதான் என்றால் இன்னொன்று போடு. வாலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீயே போய் அழைத்து வா, வேறு யாரிடமும் அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொல்லிவை. காரணம் ஒன்றும் இல்லை, பெரியவள் சொன்னால் கேட்டுக்கொள்.

தாழ்ப்பாளை மறக்காதே.

அக்கா


15 ஏப்ரல்

அக்கா,

நாங்கள் நலமாக இருக்கிறோமா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் நேராக விஷயத்தை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாலு வழக்கம்போல எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'புகார்தாரர்' என்ற சொல்லை நாலு தடவை படித்தாள். அடுத்த வரியில் இருந்தது உன் பெயர். "அம்மா, பெரியம்மா!" என்று குதித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். கீழே உன் வீட்டு முகவரி, கதவு எண்ணோடு.

எனக்காகத்தான் செய்தாய், தெரியும். உன் பெயர் இங்கே தொங்குவதால் எனக்கு ஒன்றுமில்லை. மதியம் கிளார்க் கண்ணாடியின் திருகை முறுக்கிக்கொள்ள வந்தார், கேட்டேன். "புகார்தாரருக்கு ஒரு நகல் பதிவுத் தபால்ல போயிருமே! தெரு, கம்பம், எதிர்வீட்டு நம்பர் எல்லாம் போட்டு மார்ச் கடைசியிலேயே அனுப்பிட்டோம்" என்றார், பெருமையாக.

அக்கா, அந்த நகல் எந்த முகவரிக்கு வந்தது? சலவைக்கூடத்துக்கா, வீட்டுக்கா? யார் வாங்கினார்கள்? அதற்கப்புறம் அவன் உன் வீட்டுக்கு வந்தானா?

நேற்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தேன், வாலு ஜன்னலில் இருந்தாள். "இன்னும் முப்பதடி" என்று அவள் கத்துவது கேட்டது. செவ்வாயில் அந்தச் சர்ச்சில் ஆராதனை கிடையாது. ஈரத்தோடு ஓடி வந்து யார் என்று கேட்டேன். "ஹெல்மெட் அங்கிள். பேசவே இல்லம்மா. பேப்பர்ல எழுதிக் காட்டுனாரு. 'சர்ச் எங்கே?' நான் கரெக்டா படிச்சேன்!" என்றாள்.

வாய் பேச முடியாதவராக இருக்கலாம். இருக்கலாம்தானே? அவள் சொன்ன வழியில் அவர் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் போனாராம்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உடனே பதில் போடு. திட்டமாட்டேன், உண்மையை மட்டும் எழுது.

தங்கை


3 மே

அக்கா,

பதினெட்டு நாளாகிவிட்டது. ஒரு வரி இல்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அவன் உன்னை ஏதாவது செய்துவிட்டானா? கடைத் தெருவில் போன் பூத்தின் முன்னால் இரண்டு தடவை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஓடிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன், பிரித்தேன், மறுபடியும் கட்டினேன். எங்கே போவது? இது மூன்றாவது ஊர். வாலு பள்ளியில் ஒரு தோழியைப் பிடித்திருக்கிறாள். பெட்டியைப் பார்த்ததும் தன் பென்சில் டப்பாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

உன் புகார் வென்றுவிட்டது, தெரியுமா? இருபத்தொரு நாளில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நேற்று வண்டி வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. இன்று ஞாயிறு. ஒருவர்கூட வரவில்லை. ஆர்மோனியக்காரர் கேட்டைத் தாண்டி நேராகப் போய்விட்டார், வாலுவுக்கு முகம் வாடிவிட்டது.

நான் கேட்டது இந்த நிம்மதியைத்தான். இப்போது இது எனக்கு வேண்டாம். பலகை இருந்தவரை ஒவ்வொரு தட்டலுக்கும் 'சர்ச்சுக்கு வந்தவர்' என்று ஒரு சமாதானம் இருந்தது. இனிமேல் இந்தக் கதவைத் தட்ட வருபவன் ஒருவன்தான்.

உயிரோடு இருக்கிறேன் என்றாவது எழுது.

தங்கை


4 மே

என் கண்ணுக்கு,

உன் விரைவுத் தபால் எப்போதோ வந்துவிட்டது. பதில் எழுதாமல் விட்டது கோழைத்தனம். இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

புகார்ப் படிவத்தைத் தபாலில் வரவழைத்தேன். 'வசிக்கும் முகவரி' என்ற கட்டம் இருந்தது. நான் வசிப்பது வீட்டில், சலவைக்கூடத்தில் அல்லவே. பொய் எழுதக் கை வரவில்லை. நகல் ஒன்று திரும்பி வரும் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை.

நகல் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, டி.வி. மேல் வைத்திருக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை. அவன் வெள்ளிதோறும் வருவான், உன்னிடம் சொல்லவில்லை. முன்னறையில் உட்கார்ந்து "எங்க வச்சிருக்கீங்க அவளை?" என்று ஒரே கேள்வியைக் கேட்பான். ஜன்னல் கண்ணாடியை உடைத்ததும் அவன்தான். அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் தேநீரை முழுதாகக் குடித்துவிட்டு, "வரேன் அண்ணே" என்று சிரித்துக்கொண்டே போனானாம். அத்தானுக்கு அது நல்ல மாற்றமாகத் தெரிந்திருக்கிறது. நான் வந்து பார்த்தபோது உறை பிரித்திருந்தது, குப்புறக் கிடந்தது. பிரித்தது தான் இல்லை என்கிறார் அத்தான்.

பார்த்திருக்கமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்திருந்தால் உடனே கிளம்பியிருப்பானே, கடையில்தான் உட்கார்ந்திருக்கிறானே என்று தினமும் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். உன் ஹெல்மெட் கடிதம் வந்த பிறகு விசாரித்தேன். ஏப்ரல் பதினான்காம் தேதி அவன் கடை திறக்கவில்லை. அதை உனக்கு எப்படி எழுதுவது என்றே இத்தனை நாளும் தெரியவில்லை.

சனிக்கிழமையிலிருந்து அவன் கடையில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரிடம் "புள்ளைய கூட்டிட்டு வரப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போ. எந்த இடமானாலும் சரி, தனியாக மட்டும் இருக்காதே. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அக்கா


11 மே

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படி: நானும் வாலுவும் நலம். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவுகிறாள். இனி பாய்லர் பக்கம் போய் நிதானமாகப் படிக்கலாம்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஆட்கள் இருக்கிற இடம் என்று எழுதியிருந்தாயே, எனக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? கதவைத் தட்டி வழி கேட்டவர்களைத்தான் தெரியும். வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு முப்பதடி நடந்து, இடது பக்கம் திரும்பினேன். மூன்று மாதமாக ஊருக்கெல்லாம் வழி சொன்ன நான் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். போதகரிடம் கோர்ட் தாளைக் காட்டினேன். வாலுதான் எனக்காகச் சொன்னாள்: "எங்கப்பா வந்தா எங்கம்மாவுக்குப் பயம்."

அன்றே என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஆள் வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார். வந்தால்! அதுவரை என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டு நின்றபோது, கூட வந்த ஆர்மோனியக்காரர் ஒரு வழி சொன்னார். "நாங்க வழக்கம்போல வழி தவறி வந்துட்டா என்ன?" என்றார்.

வியாழன் காலையிலிருந்து வந்தார்கள் அக்கா. மணிக்கு இரண்டு பேர், சில சமயம் ஐந்து பேர். கேட்டில் நின்று "சர்ச் எங்கம்மா?" என்று கேட்பது, வாலு ஜன்னலிலிருந்து கத்துவது, "ஓ, அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டு அங்கேயே நிற்பது. தையற்காரப் பெண் ஒருத்தி ஒரே நாளில் ஒன்பது தடவை வழி தவறினாள். நடிப்பு யாருக்கும் சுத்தமாக வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சோறு மட்டும் இறங்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவன் வந்தான். திரை இடுக்கில் பார்த்தேன். தலையில் ஹெல்மெட் இருந்தது, ஆனால் அந்தத் தோளை எனக்குத் தெரியும். இன்னும் தாழ்ப்பாள் போடாத கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். வாலுவை ஜன்னலிலிருந்து இழுக்கக் கை நீட்டினேன். வாலு வழக்கம்போல "இன்னும் முப்ப…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பி, "அம்மா, பேப்பர் அங்கிள்" என்றாள். மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

படியடியில் ஆர்மோனியக்காரர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கூடப் பாட்டுக் குழுப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள்.

"தம்பி, சர்ச்சுக்கா?" என்றார் அவர்.

அவன் தலையை ஆட்டினான். வாயைத் திறந்தால் குரல் எனக்குத் தெரிந்துவிடுமே!

"இது இல்ல தம்பி. எல்லாரும் இங்கதான் ஏமாந்து போறோம். நானே எத்தன தடவ ஏறியிருக்கேன் தெரியுமா? இந்தாங்க, இத ஒரு கை புடிங்க, வயசாச்சு, முடியல." சொல்லிக்கொண்டே ஆர்மோனியப் பெட்டியை அவன் இரண்டு கையிலும் வைத்துவிட்டார்.

அதைக் கீழே போடவும் முடியாது, வைக்க இடமும் இல்லை. இரண்டு பெண்கள் முன்னால், இரண்டு பேர் பின்னால், இவர் தோளில் கை போட்டபடி. அவனைச் சர்ச்சுக்கே நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். முப்பதடி, பிறகு இடது. முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "ஹெல்மெட்ட கழட்டுங்க, புழுக்கமா இருக்குமே" என்றார்களாம். சுற்றி இருபது பேர். காவல் நிலையத்திலிருந்து வந்து சேரும்வரை ஆர்மோனியக்காரர் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார், அதுவும் தப்புத் தப்பாக.

அவன் சட்டைப் பையில் மடித்து வைத்த தாள் இருந்தது. 'சர்ச் எங்கே?' தோள் பையில் அன்று ஆறு மணிப் பேருந்துக்கு இரண்டு டிக்கெட் இருந்தன. ஒன்று முழு டிக்கெட். மற்றது அரை டிக்கெட்.

அந்த அரை டிக்கெட்டை அதிகாரி என்னிடம் காட்டினார். அன்று அழாமல் இருந்தவள் இன்று லென்ஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

கோர்ட் உத்தரவை மீறியதற்காக உள்ளே வைத்திருக்கிறார்கள். எத்தனை நாள் என்று தெரியவில்லை. என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வாலு தூக்கத்தில் புரண்டாலே எழுந்து கதவைப் பார்க்கிறேன். ஆனால் இந்தத் தெருவில் நாற்பது பேருக்கு இப்போது அவன் முகம் தெரியும்.

நீ செய்தது தப்புதான் அக்கா. சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. நானும் உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல்தானே இருந்தேன்? சாப்பிடாமல் கிடக்காதே.

உன் தங்கை


20 மே

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை எரிக்கவில்லை. அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அரை டிக்கெட் இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து டி.வி. மேல் இருந்த காகிதங்களை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். இப்போது என்ன பிரயோசனம்? ஆனாலும் பூட்டினார்.

ஆர்மோனியக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். இனி படிவம் எதையும் தொடமாட்டேன்.

முழங்கால் பரவாயில்லை.

அக்கா


7 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம். வாலுவுக்கு ஒரு முன்பல் எட்டிப் பார்க்கிறது, நேராகத்தான்.

ஒரு செய்தி சொல்கிறேன். பலகை போனதிலிருந்து புதிதாக வருபவர்கள் வழி தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்று போதகர் நகராட்சிக்கு மறுபடி விண்ணப்பம் போட்டார். கிளார்க் விதியைச் சொன்னார். புகாரின் பேரில் கழற்றிய பலகையை அதே கம்பத்தில் திரும்ப மாட்ட வேண்டுமென்றால், எதிரே குடியிருப்பவர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய பெயரையும் முகவரியையும் கம்பத்தில் இருபத்தொரு நாள் ஒட்டுவார்கள்.

நானே அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் எங்கள் கடைக் கண்ணாடி வழியாக என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "உங்க பேரத்தாம்மா ஒட்டுவோம். பரவாயில்லையா?" என்று கேட்டார். இத்தனை நாளாக நான் ஏன் தெருப் பெயரை மட்டும் சொன்னேன் என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்கிறது.

எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

"ஒட்டுங்க சார்" என்றேன்.

ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை, உன் தங்கையாயிற்றே. நேற்று ஒட்டினார்கள். வாலு கம்பத்தடியில் நின்று என் முழுப் பெயரை, அப்புறம் கதவு எண்ணை, தெருவை, தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தாள். நான் அவள் வாயைப் பொத்தவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டேன்.

இந்தக் கடிதம் சலவைக்கூடத்துக்கு வராது, உன் வீட்டுக்கே வரும். உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். அனுப்புநர் என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை